ராஜ் மந்திர், ஜெய்ப்பூர்: அரை மணி முன்னாடியே போய்விடுங்கள்

ஜெய்ப்பூர் போகிறவர்கள் ஹவா மஹல், ஆமேர் கோட்டை என்றுதான் பட்டியல் போடுவார்கள். அம்மாவும் நானும் போனபோது எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது ஒரு சினிமா தியேட்டர். இருவருக்கும் இந்தி வராது, இருந்தாலும் ராஜ் மந்திரில் ஒரு படம் முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது என்னுடைய பல வருஷ ஆசை.

எம்.ஐ. ரோட்டில் பாஞ்ச் பத்தி சந்திப்புக்குப் பக்கத்தில் பகவான் தாஸ் ரோடு திரும்பினால் வழி கேட்கவே வேண்டாம். கேக் மேல் க்ரீமைப் பிழிந்து அப்படியே விட்டது போல முகப்பு முழுக்க வளைவும் நெளிவுமாக இருக்கிறது, அதில் ஒன்பது நட்சத்திரங்கள். அந்த ஒன்பதும் நவரத்தினங்களாம். ரத்தினக்கல் பட்டை தீட்டுவதில் பேர்போன ஊர் இது என்பதால் அது சும்மா அலங்காரமாகத் தோன்றவில்லை. டிக்கெட் வகுப்புகளுக்குக்கூட பேர்ல், ரூபி, எமரால்டு, டைமண்ட் என்றுதான் பெயர். நாங்கள் எமரால்டு எடுத்தோம்.

இதைக் கட்டவைத்தவர் மேஹ்தாப் சந்திர கோல்ச்சா, வடிவமைத்தவர் டபிள்யூ. எம். நம்ஜோஷி. மும்பை லிபர்ட்டி தியேட்டரின் உள் அலங்காரத்திலும் இதே நம்ஜோஷியின் கை உண்டு. 1966-இல் அன்றைய முதல்வர் மோகன்லால் சுகாடியா அடிக்கல் நாட்டினார், திறப்பு விழா நடந்ததோ 1976 ஜூன் 1-ஆம் தேதி. ஒரு தியேட்டருக்குப் பத்து வருஷமா என்று எனக்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே நுழைந்த பிறகு அந்தக் கேள்வியே எழவில்லை. முதல் படம் தர்மேந்திராவும் ஹேமமாலினியும் நடித்த 'சரஸ்'.

உள்ளே போனதும் முதலில் வருகிற அந்தப் பெரிய கூடம் இருக்கிறதே, என்னைக் கேட்டால் டிக்கெட் காசில் பாதி அதற்கே சரியாகிவிடும். சரவிளக்குகள், வளைந்து மேலே ஏறும் படிக்கட்டு, பல்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் சுவருக்குள்ளிருந்து கசிகிற வெளிச்சம். அம்மா நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபம் மாதிரியே இருக்குடா, பொண்ணு வீட்டுக்காரங்க எங்க?" என்றார். உண்மையிலேயே குடும்பம் குடும்பமாக நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள், பாட்டிகள் சோஃபாவில், பிள்ளைகள் படிக்கட்டில். படம் தொடங்கும் முன் ஒரு ஊரே கூடி நிற்பதற்கென்று இடம் ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1997-இல் தில்லியில் மல்டிபிளெக்ஸ் வந்த பிறகு நாடு முழுக்க முதலில் காணாமல் போனது இந்த இடம்தான். எங்கள் ஊர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில் போன மாதம் பாப்கார்ன் வரிசைக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில் கால் மாற்றி கால் மாற்றி நின்றோம், அம்மாவுக்கு முட்டி வலியோடு.

அரங்கத்துக்குள் ஒரே திரை, ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். விளக்கு அணைவதற்கு முன் சுவர் மடிப்புகளில் நிறங்கள் மாறிக்கொண்டே வரும், அதைத் தவறவிட வேண்டாம். அப்புறம் ஹீரோ வந்தார், பாருங்கள், விசில்! பின்வரிசையில் ஒரு பையன் வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான், அதனால் எங்கே சிரிக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரிந்துபோனது. இடைவேளைக்குள் அம்மா கதையைத் தெளிவாக எனக்குச் சொன்னார், மாமனார்தான் வில்லன் என்பது உட்பட.

சுற்றுலா வருகிறவர்கள் சிலர் கூடத்தில் படம் எடுத்துக்கொண்டு இடைவேளையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், இரண்டாம் பாதியில்தான் கூட்டம் சூடு பிடிக்கிறது. விடுமுறை நாள் என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், திரைக்கு மிக அருகில் வேண்டாம், கழுத்து வலிக்கும். எம்.ஐ. ரோட்டில் 1944-லிருந்து நடக்கிற லஸ்ஸிவாலா கடை நடந்துபோகிற தூரம்தான். மண் குவளையில், மேலே கெட்டி ஆடையோடு தருவார்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் படத்துக்கு முன்னாலேயே குடித்துவிடுங்கள்.