649 ரூபாய்க்கு ஒரு மேடு, ஐந்து கோலிக்குண்டுகள்

பெரம்பூரில் என் வீட்டு முன்னறையில் மாலை ஐந்தரை மணிக்குப் பதினொரு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. டியூஷன் எடுக்க ஆரம்பித்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் அப்பாவின் மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எண்களை அருகிலுள்ள பத்துக்கோ நூற்றுக்கோ முழுமையாக்குவது, பிள்ளைகள் வாயில் 'ரவுண்டிங்', இரண்டு வேலையிலும் என்னை விடவில்லை. அதனால்தான் ஸ்டேஷனரிக் கடை அலமாரியில் ரவுண்டிங் சொல்லித்தரும் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது.

விலை 649 ரூபாய். "கிட்டத்தட்ட அறுநூறுதான் மேடம்" என்றார் கடைக்காரர். அருகிலுள்ள நூற்றுக்கு முழுமையாக்கினால் அவர் சொன்னது சரிதான். ஆனாலும் பர்ஸிலிருந்து போனது 649.

தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெட்டிக்குள் இருந்தவை இவை: மூன்றாக மடிக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் மேடு, ஐந்து கண்ணாடிக் கோலிகள், ஒரு மார்க்கர், 72 சீட்டுகள், தமிழும் ஆங்கிலமுமாக 64 பக்கப் பயிற்சி நூல், சுவரில் ஒட்ட ஒரு பாட்டு. பாட்டைப் பற்றி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேடுதான் விஷயம். விரித்தால் இரண்டடி நீளம். இரண்டு முனையும் தாழ்ந்து, நடு உயர்ந்து, முதுகில் ஒரு பள்ளக்கோடும் குறுக்கே பதினொரு சிறு கோடுகளும். இடது முனையில் 30, வலது முனையில் 40 என்று மார்க்கரால் எழுதிக்கொள்ளலாம். சீட்டில் 37 வந்தால் ஏழு என்ற கோட்டில் கோலியை வைத்து விரலை எடுக்க வேண்டும். உருண்டு போய் நாற்பதில் 'டக்' என்று விழும். 32 என்றால் முப்பதுக்குத் திரும்பிவிடும். முதல் நாள் பதினொரு பேரும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தலையாக நின்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் இத்தனை வருடமாக, "ஒன்றாம் இடத்தைப் பார், ஐந்துக்குக் குறைவு என்றால் விட்டுவிடு, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் பத்தாம் இடத்தில் ஒன்றைக் கூட்டு" என்றுதான் சொல்லிக்கொடுத்து வந்தேன். சரியாகவே போடுவார்கள். 37 ஏன் நாற்பது ஆகிறது என்று கேட்டால் மட்டும், "ஏழு பெரியது, மிஸ்" என்பார்கள். முப்பத்தேழிலிருந்து நாற்பதுக்கு மூன்று கோடு தூரம், முப்பதுக்கு ஏழு கோடு தூரம் என்ற கணக்கு யார் வாயிலிருந்தும் வராது. மேடு வந்த இரண்டாம் நாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கோலியைத் தொடாமலேயே, "இது நாற்பது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்றாள். எனக்கு 649 ரூபாயில் பாதி அங்கேயே வசூலாகிவிட்டது.

42ஐ 30 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வருடமும் இரண்டு பேராவது இருப்பார்கள். 'கீழே இறக்கு' என்று சொல்லிக்கொடுத்தால் நான்கை மூன்றாக இறக்கிவிடுவார்கள். சொன்னதைத்தான் செய்கிறார்கள், பாவம். மேட்டில் இந்தத் தப்பு நடக்கவே வழியில்லை, 42ஐ வைக்கும் மேட்டில் முப்பது என்ற முனையே கிடையாது. 996 போன்ற எண்களுக்கும் இதே நன்மை. இலக்கத்தை மட்டும் பார்க்கிற பிள்ளை ஒன்பதில் ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும் என்று விழித்து 9910 என்றுகூட எழுதியிருக்கிறது. முனைகளில் 990, 1000 என்று எழுதிவிட்டால் கோலி ஆயிரத்தில் போய் விழுந்துவிடுகிறது. பயிற்சி நூலில் இப்படி ஒன்பது வரும் கணக்குகள் மொத்தமே இரண்டு. குறைந்தது இருபதாவது வேண்டும்.

பிறகு 35 வந்தது. பெட்டியின் மேல் 'கோலியே விடை சொல்லும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் முன்னறை மொசைக் தரை, கழுவினால் தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று லேசான சரிவோடு போட்டது. உச்சியில் வைத்த கோலி ஒரு கணம் நின்று, வாசல் பக்கம் உருண்டு முப்பதில் விழுந்தது. "35க்கு 30!" என்று கத்தினார்கள். நான் மேட்டைத் திருப்பி வைத்தேன். மறுபடி வாசல் பக்கம். இப்போது அங்கே இருந்தது நாற்பது. சுவரோரமாகக் குறுக்கே வைத்துப் பார்த்தோம். கோலி உச்சியிலேயே நின்றுவிட்டது. ஒரு பையன் ஊதினான். கடைக்குட்டி அவன் வாயைப் பொத்தி, "சும்மா இரு, அது யோசிக்கிறது" என்றாள்.

நான்காம் வகுப்புப் பையன்தான் கேட்டான்: "அப்படியென்றால் புத்தகத்தில் ஏன் 40 என்று போட்டிருக்கிறது?" பயிற்சி நூலில் இதற்கு ஒரு வரி விளக்கம் இல்லை. இரண்டு பக்கமும் ஐந்தே கோடு தூரம்தான், கோலி மேல் குற்றமில்லை, எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதற்காக மேலே போவது என்று பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றேன். சட்டத்திலேயே இருக்கிறது. வருமான வரிச் சட்டம் கட்ட வேண்டிய வரியைப் பத்தின் மடங்காக்கச் சொல்கிறது. கடைசி இலக்கம் ஐந்து என்றால் மேலே போக வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தில் ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். ஐந்து வரும்போதெல்லாம் மேலே தள்ளினால் நீண்ட கூட்டலில் மொத்தம் வீங்கிவிடும் என்று, பத்தாம் இடம் இரட்டை எண்ணாக வரும் பக்கம் தள்ளும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு அம்மாக்கள் வந்து சண்டை பிடிப்பார்கள்.

அப்பா கடையிலும் எட்டணாதான் உச்சி. எட்டணா தாண்டினால் ரூபாய், தாண்டாவிட்டால் வாடிக்கையாளருக்கு விட்டுவிடுவார். எதிர்க்கடையில் எல்லாப் பைசாவும் மேலேதான் போகும், மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கிடைக்கும். 2011 ஜூன் மாத இறுதியோடு 25 பைசா செல்லாமல் போனபோது எங்கள் கல்லாவின் ஒரு கிண்ணம் காலியானது. அதில் அப்பா மூக்குக்கண்ணாடியை வைக்க ஆரம்பித்தார். மேலேயே தூக்கிக்கொண்டு போவது வியாபாரம், முழுமையாக்குதல் இல்லை என்பது அவர் கட்சி.

இனி பயிற்சி நூல். இங்கேதான் எனக்குக் கோபம்.

முதல் பக்கத்திலேயே 'கீழ்க்கண்ட எண்களை அருகிலுள்ள பத்துக்குச் சுற்றுக' என்று இருக்கிறது. ஒரு பிள்ளை பென்சிலை எடுத்து 48, 63, 71 எல்லாவற்றையும் அழகாக வட்டம் போட்டுச் சுற்றிவிட்டு, "முடித்துவிட்டேன் மிஸ்" என்று நீட்டினாள். அவளை என்ன சொல்ல? சுற்றச் சொன்னார்கள், சுற்றினாள். ஆங்கிலப் பக்கத்தை அகராதியில் போட்டுப் பிழிந்து எடுத்த தமிழ் இது. 'குறைத்துச் சுற்றுக' என்று இன்னொரு இடத்தில் வருகிறது. நான் மேலே சொன்ன 42, 30 தப்புக்கு இதைவிட நல்ல உரம் கிடைக்காது. நூல் முழுவதும் 'சுற்றுக'வை அடித்துவிட்டு 'முழுமையாக்குக' என்று நானே எழுதினேன். 58 இடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

23ஆம் பக்கத்தில் ஒரு சுற்றுலா. '43 மாணவர்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செல்கிறார்கள். ஒரு வேனில் 10 பேர் செல்லலாம். அருகிலுள்ள பத்துக்குச் சுற்றி, எத்தனை வேன்கள் தேவை எனக் காண்க.' பின்னட்டை விடை: 4. "மீதி மூன்று பேர் மின்சார ரயிலில் வந்துவிடுவார்களா, மிஸ்?" என்று கேட்டது ஐந்தாம் வகுப்பு. ஆள் ஏற்றுவதற்கு, பை வாங்குவதற்கு, தண்ணீர் கேன் சொல்வதற்கெல்லாம் மேலேதான் போக வேண்டும், பக்கம் தூரம் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தர அருமையான கணக்கு அது. அதையே தப்பாகப் போட்டு மூன்று பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டிருக்கிறார்கள்.

இதையாவது கவனக்குறைவு என்று விடலாம். 41ஆம் பக்கத்தை விட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை 46,46,732. இதை ஆயிரம், பத்தாயிரம், லட்சம் ஆகியவற்றுக்கு வரிசையாகச் சுற்றுக என்கிறது. விடை: 46,47,000. 46,50,000. 47,00,000. முதல் இரண்டும் சரி. மூன்றாவது தப்பு. படி இறங்குவதுபோல ஒரு விடையிலிருந்து அடுத்த விடையைப் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே முழுமையாக்கியதை மறுபடி முழுமையாக்கினால் இப்படித்தான் வழுக்கும். ஒவ்வொரு முறையும் அசல் எண்ணுக்கே திரும்பிப் போக வேண்டும். 46 லட்சத்துக்கும் 47 லட்சத்துக்கும் நடு 46,50,000. நம் எண் அதற்கு 3,268 குறைவு. ஆகவே 46 லட்சம்தான்.

இதை நான் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. அச்சில் இருப்பதுதான் அவர்களுக்கு வேதம். மேட்டை எடுத்தோம். முனைகளில் 46 லட்சம், 47 லட்சம். தரைச் சரிவு கெடுக்காதபடி சுவரோரமாகவே வைத்தோம். உச்சிக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் கோலி. விரலை எடுத்ததும் தயங்கித் தயங்கி 46 லட்சத்துக்கு உருண்டது. அப்போது பெட்டியின் விலை ஸ்டிக்கரை வெறித்துக்கொண்டிருந்த நான்காம் வகுப்புப் பையன், "இதுவும் அப்படித்தான் மிஸ்" என்றான். 649 பத்துக்கு 650, அதிலிருந்து நூற்றுக்கு 700. நேராகப் போனால் 600. அவனுக்கு அன்றைக்கு இரண்டு முறுக்கு கொடுத்தேன்.

அதே பக்கத்தின் ஆங்கிலப் பாதியில் இதே எண் 4,646,732 என்று காற்புள்ளி மாறி நிற்கிறது. லட்சத்துக்கு முழுமையாக்கச் சொல்லிவிட்டு மில்லியன் கணக்கில் காற்புள்ளி போட்டால் பிள்ளை எதை எண்ணும்?

பெட்டியில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு இந்தப் பிழைகளை எல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

சீட்டுகள் பரவாயில்லை. வழவழப்பான தாள், எழுத்து பெரியது. ஆண்டு எண்களைப் போட்டிருப்பது மட்டும் வீண் வேலை. 1947ஐப் பத்துக்கு முழுமையாக்கினால் 1950. "அது குடியரசு ஆன வருடம் ஆயிற்றே" என்றாள் ஒருத்தி. 29சி பஸ்ஸை முப்பது ஆக்கினால் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போய்ச் சேர முடியுமா? முழுமையாக்கக் கூடாத எண்கள் என்று ஒரு கட்டுச் சீட்டு வைத்திருந்தால் கைதட்டியிருப்பேன். ஆண்டுச் சீட்டுகளை அதற்குத்தான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறோம். பத்துக்குக் கீழான எண்களுக்குச் சீட்டே இல்லை. நானே ஒரு சீட்டில் 3 என்று எழுதிப் போட்டேன். கோலி பூஜ்யத்தில் விழுந்ததும் கடைக்குட்டி ஏற்றுக்கொள்ளவே இல்லை. "மூன்று மாம்பழம் இருக்கிறதே, எப்படி ஒன்றுமில்லை ஆகும்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் ஓடிற்று.

பொருளின் உழைப்பு சுமார். மார்க்கர் எழுத்து இரண்டு நாள் விட்டால் துணிக்கு அழியாது. தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சுக்கு அழிகிறது. மூன்றாம் வாரம் ஒரு கீல் விட்டுப்போய் இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது. ஒரு கோலி பீரோவுக்கு அடியில் குடியேறிவிட்டது. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கோலிகளை டப்பாவில் பூட்டி வையுங்கள், பெட்டியில் அந்த எச்சரிக்கையைக் காணோம்.

மேட்டுக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். நூலுக்கு ஒன்று, அதுவும் தாள் நன்றாக இருப்பதால். விடைப் பக்கத்தைப் பெற்றோர் முதலில் தாங்களே போட்டுப் பார்க்காமல் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

போன வாரம் மறுபடி அதே கடைக்குப் போனேன். பதினொரு பேருக்கு ஒரு மேடு போதவில்லை, தினமும் முடி பிடிச் சண்டை. மேடு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். "பெட்டியாகத்தான் வரும் மேடம்" என்றார் கடைக்காரர். இன்னொரு பெட்டி வாங்கினேன். 650 கொடுத்தேன். ஒரு ரூபாய் சில்லறை இல்லை என்று ஒரு மிட்டாயை எடுத்து மேசைமேல் வைத்தார்.