பதிமூன்று வருஷ உபயோகத்துக்குப் பிறகு: ஒரு கிளை நூலகம்

சேலத்தில் ஒரு கிளை நூலகம். எந்தக் கிளை என்று கேட்காதீர்கள். என் பெயரில் அங்கே இன்னும் புத்தகம் எடுக்கிற டிக்கெட் மூன்று இருக்கிறது. நாளைக்கும் நான் அந்த வாசப்படி ஏற வேண்டும். மிக்சி வாங்கி ஒரே ஒரு சட்னி அரைத்தவர்கள் எல்லாம் அனுபவம் எழுதுகிறார்கள். 2012 ஜூனிலிருந்து ஓட்டிப் பார்க்கிற பொருளைப் பற்றி நானும் நாலு வரி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் விலை. இதை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், உங்களுக்குத்தான் தெரியாது. சொந்த வீடு இருந்தால் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரிக்கு மேல் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் நூலக வரி போகிறது. 1948ல் பொது நூலகச் சட்டம் போட்டதன் புண்ணியம் இது. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டிலேயே முதலில் இப்படிச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். காசு கொடுத்துவிட்டுச் சரக்கு எடுக்காமல் இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ரசீதைப் பார்த்த மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்துக்கு வெள்ளிதான் வார விடுமுறை. சனிக்கிழமை போனேன், அது இரண்டாவது சனி. ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்ததாம், நான்தான் நம்பாமல் போகவில்லை.

சேர்ந்த கதையை விடுங்கள். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, இரண்டு பேர் தட்டுவடை செட் சாப்பிடுகிற காசு. அவ்வளவுதான்.

அப்போது இருந்த நூலகரை எல்லோரும் சார் என்போம். அவரும் பத்து வயசுப் பையன் உட்பட எல்லோரையும் சார் என்பார். சட்டைப் பையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டு பேனா. கதவு திறப்பது, பெருக்குவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, புத்தகம் கொடுப்பது, பூட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. தலைமையிடத்தில் கூட்டம் என்றால் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார். 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழேதான் அவர் நாற்காலி. அந்தக் கட்டடத்தில் அதிகச் சத்தம் வருகிற இடமும் அதுதான்.

அவருக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. இந்தப் பொருளைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய புகாரே அந்த பீரோதான்.

"சார், புதுசா நாவல் ஏதாச்சும் வந்திருக்குங்களா?"

"வந்திருக்குங்க. பீரோவுல இருக்குது."

"எடுத்துக்கலாங்களா?"

"இன்னும் நம்பர் போடலீங்க."

ஆறு மாசம் கழித்து மறுபடி கேட்டேன்.

"நம்பர் போட்டாச்சுங்க. வெளிய வெச்சா கெட்டுப்போயிருமுன்னு உள்ளயே வெச்சிருக்கேன்."

புத்தகம் எதனால் கெட்டுப்போகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போறாங்கல்லங்க" என்றார்.

பீரோவுக்கு நேர் எதிர்ச் சுவரில் எஸ்.ஆர். ரங்கநாதன் படம். சீர்காழியில் பிறந்து கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே சலித்துப்போய், பழையபடி பாடம் நடத்தவே போகிறேன் என்று கேட்டாராம். நூலகத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சலிப்பு என்பதற்கு நாட்டிலேயே பெரிய சாட்சி அவர்தான். அப்புறம் லண்டனுக்குப் படிக்கப் போய் மனசு மாறி, 1931ல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை எழுதியவர் வருஷம் முழுக்க ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தன்று மட்டும் சார் பீரோவைத் திறந்து, புதுப் புத்தகங்களை மேஜையில் அடுக்கி, படத்துக்கு மாலை போட்டுக் கண்காட்சி வைப்பார். பக்கத்தில் ஒரு அட்டை: 'தொடாமல் பார்க்கவும்'. சாயங்காலம் புத்தகமெல்லாம் பழையபடி உள்ளே.

வெளி அலமாரி வேறு உலகம். முதுகில் எண் ஒட்டியிருக்கும்: 641.5 என்றால் சமையல், 894.811 என்றால் தமிழ் இலக்கியம். அமெரிக்காவில் டூயி என்பவர் 1876ல் வகுத்த கணக்கு அது. எண்ணுக்கும் இடத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் விசேஷம். எங்கள் கிளையில் புத்தகம் தன் உயரத்துக்கு ஏற்ற தட்டில் நிற்கும். ரங்கநாதன் இதற்கு மாற்றாகக் கோலன் பகுப்புமுறை என்று ஒன்று கண்டுபிடித்தார். லண்டன் கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்து யோசனை வந்ததாம். துண்டுகள் கொஞ்சம்தான், சேர்க்கிற விதத்தில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். சேலத்துக்காரனுக்கு இதை விளக்க லண்டன் போக வேண்டாம். தட்டுவடை, முறுக்கு, கேரட் பீட்ரூட் துருவல், இரண்டு சட்னி. இவற்றை வைத்துத் தள்ளுவண்டிக்காரர் செட், முறுக்கு செட், நொறுக்கல், முட்டை நொறுக்கல் என்று அடுக்கிக்கொண்டே போவதும் அதே சூத்திரம்தான்.

641.5ல் ஒரு புத்தகத்தை நாலு முறை எடுத்திருக்கிறேன், சமைக்க அல்ல. புளிக்குழம்புப் பக்கத்தில் மஞ்சள் கறை, ஓரத்தில் நீல மையில் 'உப்பு அதிகம். பாதி போடவும்'. அதற்குக் கீழே பென்சிலில் 'எங்களுக்குச் சரியாக இருந்தது'. அதற்கும் கீழே கறுப்பு மையில் 'உங்கள் வீட்டுக்காரருக்கு பி.பி. பார்க்கவும்'. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அதே புத்தகத்தில் ராமபாணப் பூச்சி ஒன்று ரசத்தில் நுழைந்து, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் குடைந்துகொண்டு போய்ப் பாயசத்தில் வெளியே வந்திருந்தது. முழுச் சாப்பாடு.

பேப்பர் பகுதிக்கு வருவோம். காலையில் கதவு திறக்கும் முன்பே ரிட்டையர் ஆனவர்கள் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒரு பேப்பர் ஐந்து நிமிஷத்தில் ஐந்து பேப்பர் ஆகிவிடும். நடுப்பக்கம் மட்டும் யார் கையிலும் இருக்காது. அது யாராவது ஒருவர் தொடைக்கு அடியில் இருக்கும். படிக்கிற பக்கம் முடிந்ததும் எடுக்க வசதி. சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தொடைக்கு அடியில இருக்கறத எடுங்க சார்" என்று பொதுவாகக் கத்துவார். மூன்று பேர் எழுந்து நிற்பார்கள்.

மற்ற நாற்காலியெல்லாம் குரூப் நாலுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு. கொண்டுவந்த புத்தகத்தைப் படித்துவிட்டுக் கொண்டுபோவார்கள். நூலகத்துப் புத்தகத்தில் கை வைக்காத காரணத்தால் சாருக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றும், ஒன்று சத்தம் போடும், ஒன்று வேடிக்கை பார்க்கும். எதற்குக் கீழே உட்காருவது என்பது சித்திரை மாசத்தில் வினாத்தாளைவிடப் பெரிய கேள்வி.

வாசலில் வருகைப் பதிவேடு. தினம் இத்தனை பேர் வந்தார்கள் என்று மேலே கணக்குக் காட்ட வேண்டும் என்பதால், மழைக்கு ஒதுங்கினவரையும் சார் விடமாட்டார். ஒருநாள் மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரரிடம் நோட்டை நீட்டினார்.

"நான் ரீடிங் எடுக்க வந்தேனுங்க."

"இங்க எல்லாருமே ரீடிங்குக்குத்தானுங்க வர்றாங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஒரு மே மாசம் தடிமனான நாவல் ஒன்றை ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன், அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிற மச்சான் வீட்டுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவும் அது மடியிலேயே இருந்தது. நாலு நாள் மழை, பனிமூட்டம். புத்தகம் உப்பி, அட்டை வில்லாக வளைந்துவிட்டது. கீழே வந்து மண்டியில் அரிசி மூட்டைக்கு அடியில் மூன்று நாள் வைத்து நிமிர்த்தி, பார்வைக்குப் பழுதில்லாமல்தான் கொடுத்தேன். சார் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை, மூக்குக்குக் கிட்ட கொண்டு போனார். "ஏற்காடு போயிருக்குதுங்க" என்றார்.

2020 மார்ச்சில் எல்லாம் பூட்டியபோது என்னிடம் மூன்று புத்தகம் மாட்டிக்கொண்டது. மாசக்கணக்கில் கழித்து முகக்கவசத்தோடு போய் நின்றேன். நோய் நொடி, செத்தவர் பிழைத்தவர் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். "மூணு உங்ககிட்ட இருக்குதுங்க" என்றார். மூன்றின் பதிவு எண்ணையும் நோட்டைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த வருஷக் கடைசியில் இருப்புச் சரிபார்ப்பு. கணக்குப்பிள்ளைதானே என்று என்னையும் உட்கார வைத்தார். நான் எண்ணைப் படிக்கப் படிக்க அவர் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் முடிவில் இரண்டு குறைந்தது. மனுஷன் முகமே செத்துவிட்டது. மண்டியில் எலி தின்றது, ஈரம் குடித்தது என்று மூட்டைக்கு இவ்வளவு என்று சேதாரம் எழுதிவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். "ஒண்ணு குறைஞ்சாலும் நான்தானுங்க பதில் சொல்லோணும்" என்றார். சாயங்காலம் பெருக்கும்போது ஒன்று கிடைத்தது, பெஞ்சு ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் யாரோ செருகியிருந்தார்கள். வாழ்க்கையில் உயர்வது பற்றிய புத்தகம். பெஞ்சை ஒரு விரற்கடை உயர்த்தியிருந்தது. இன்னொன்று கடைசிவரை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பீரோவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

சார் ரிட்டையர் ஆகிவிட்டார். இப்போது இருப்பது ஒரு மேடம். வந்த வாரமே பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டார். நான் கேட்ட நாவல்கள் எல்லாம் வரிசையாக நின்றன. ஆறே மாசத்தில் வரிசையில் அங்கங்கே பல் விழுந்துவிட்டது. எடுத்தவர்கள் படிக்கத்தானே எடுத்தார்கள் என்கிறார் மேடம். எனக்கு என்னவோ சிவப்புப் பேனா ஞாபகம்தான் வருகிறது.

போன மாசத்திலிருந்து சாரும் காலையில் வருகிறார், பேப்பர் படிக்க. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்காருவார். நேற்று மேடம் எழுந்து வந்து, "நடுப்பக்கம் யார்கிட்டங்க இருக்குது?" என்று கேட்டார். "இங்கதான் எங்கியோ கெடந்துச்சுங்க" என்று சார் நாலு பக்கமும் தேடினார், எழுந்திருக்காமலே.