பெஸ்தாரி ஜெயாவுக்கு வரும் சுற்றுச்சூழல் வேன்: அழைக்கலாமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பழைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப் பள்ளிகளுக்கு வந்துபோகும் நடமாடும் சுற்றுச்சூழல் வேனை அழைக்கலாமா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பலர் கேட்கிறார்கள். தாராளமாக அழைக்கலாம். ஆனால் கீழே உள்ளவற்றை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

காலையில் வந்து மதியம் முடிகிற நிகழ்ச்சி. செம்பனை (எண்ணெய்ப் பனை) காடு, ஆந்தை, ஓடை என்று மூன்று பகுதிகள்.

செம்பனைப் பகுதிக்காகவே இந்த வேனை அழைக்கலாம். பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் மரத்தையே பாடமாக்கியிருக்கிறார்கள். ஆண் பூ விரிந்திருக்கும் குட்டை மரமாகப் பார்த்து, பூவின் மேல் வெள்ளைப் பையை மாட்டி உலுக்குகிறார்கள். பழுப்பு நிறத்தில் 3, 4 மில்லிமீட்டர் நீள வண்டுகள் பொலபொலவென்று கொட்டுகின்றன. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் நீண்ட மூக்கும், உடம்பில் அப்பியிருக்கும் மகரந்தமும் தெளிவாகத் தெரியும். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து நம் தோட்டங்களில் விட்ட வண்டு இது. அதற்கு முன் மகரந்தத் தூளைத் தொழிலாளர்கள் கையால் தூவிக்கொண்டிருந்தார்கள். பெண் பூவிலும் சோம்பு வாசம் வருவதால் வண்டு அங்கேயும் போகிறது, காய் பிடிக்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் வண்டுகள் சுறுசுறுப்பாகும் என்பதால் இதை ஒன்பது மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். மட்டை முள் குத்தும், தடித்த கையுறை கட்டாயம். எந்த பிளாக்கில் மருந்து அடிக்கிறார்கள் என்று முதல் நாளே தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்டுவிடுங்கள்.

ஆந்தைப் பகுதியும் நன்று. எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் வைத்திருக்கும் ஆந்தைக் கூண்டுகளுக்கு அடியில், கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். அவற்றை வெந்நீரில் ஊறவைத்து இடுக்கியால் பிரித்தால் எலி மண்டை ஓடு முழுசாக வரும். உருண்டைகளை அலுமினியத் தாளில் சுற்றி, 160 டிகிரி அடுப்பில் 40 நிமிடம் சுட்ட பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். சுட்டார்களா என்று கேளுங்கள். எலி விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாகும் என்பதை இவர்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய இடமே அதுதான்.

ஓடைப் பகுதியில்தான் கோளாறு. கையில் இருக்கும் படஅட்டைகள் மலையோடைக்கு எழுதப்பட்டவை. காலால் கல்லைக் கிளறி வலையில் பிடி என்கின்றன. நம் ஓடையில் கல் ஏது, வெறும் சேறுதான். கரையோர வேர்களுக்கு இடையில் வலையை வீசி இழுத்தால் தும்பிக் குஞ்சு, செம்புழு எல்லாம் கிடைக்கும். இன்னொன்று இதைவிட மோசம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் 4 காட்டியதும் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ராஜா மூசா கரிமண் சதுப்புக் காடு இருக்கிறது. அங்கிருந்து வடியும் நீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் இருக்கும், இயல்பாகவே அமிலமாக இருக்கும். அது அழுக்கு இல்லை. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சோதிக்கும்போதும் புட்டியைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, குமிழ் இல்லாமல் மூட வேண்டும். காற்றுக்குமிழ் சிக்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். அவசரத்தில் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இந்தப் பகுதி சரியாக நடந்தாக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தக் காரணம் உண்டு. கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி நம் சுங்கை சிலாங்கூர் ஆறு தருவது. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்தபோது எத்தனை வீடுகளில் குழாய் வறண்டது என்று எல்லாருக்கும் தெரியும். எது கழிவு, எது இயற்கை நிறம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஆற்றங்கரையில் வளர வேண்டும்.

பயிற்சித் தாள்கள் மலாயில் மட்டும்தான். அறிவியலைத் தமிழில் படிக்கும் பிள்ளைகள் பாதியிலேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். தாளை இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்கி, ஆசிரியரே தமிழாக்கிவிடுவது நல்லது.

ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் விடாதீர்கள். ஓடையில் இறங்க ரப்பர் பூட்ஸ் வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் கரையிலேயே நிற்கட்டும், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் சாதாரண விஷயமில்லை. முதல் நாள் கனமழை பெய்திருந்தால் ஓடையை ரத்து செய்துவிட்டு ஆந்தைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பிற்பகல் இடி மழைக்கு முன், பன்னிரண்டரைக்குள் எல்லாரும் கூரைக்கு அடியில் வந்துவிட வேண்டும்.