நானோ கம்பியா, இரும்புப் படிகமா? மயோரானா தேடலில் எந்தப் பக்கம்

காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் மயோரானா நிலைகளை (ஒரு எலக்ட்ரான் நிலையின் பாதிபோல நடந்துகொள்ளும் விசித்திர நிலைகள்) எதில் தேடுவது என்று கேட்டால், பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: மீகடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) பூசிய அரைக்கடத்தி நானோ கம்பி, இல்லையென்றால் இரும்பு, டெலூரியம், செலினியம் சேர்ந்த படிகம். நான் இரும்புக் கட்சி.

கம்பியின் அழகு அதன் எளிமை. ஒரே எலக்ட்ரான் நிலை இரண்டு பாதியாகி, கம்பியின் இரு முனைகளில் போய் உட்கார்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள நகரத்தார் வீட்டைப் போல, ஒரு முனையை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது. குவாண்டம் கணினிக்காரர்களின் ஆசையே இந்தப் பாதுகாப்பின் மேல்தான். 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் முதல் அறிகுறி தெரிந்தது. ஆனால் பெரும்பாலும் பூசப்படும் அலுமினியத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதன் மீகடத்தலைக் கலைக்கத் தேவையான ஆற்றல், சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். அதனால் மில்லிகெல்வின் குளிர் வேண்டும். கம்பியில் சின்னக் குறை இருந்தாலும் மயோரானா போலவே தோன்றும் போலிகள் வந்துவிடும். உறுதி என்று 2018-இல் வந்த கட்டுரை ஒன்று 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

இரும்புப் படிகம் 14.5 கெல்வினிலேயே மீகடத்தியாகிறது. இடைவெளியும் பல மடங்கு பெரிது. இரண்டு பொருளை ஒட்டும் பாடு இல்லை, அதன் மேற்பரப்பே இடத்தியல் மீகடத்தி, அதாவது மயோரானா நிலைகளைத் தாங்கக்கூடிய வகை. காந்தப்புலம் கொடுத்தால், அது உள்ளே நுழையும் இடங்களில் மின்னோட்டச் சுழல்கள் உருவாகும். 2018-இல் பெய்ஜிங் குழு 0.55 கெல்வினில் வருடு ஊடுருவு நுண்ணோக்கியின் (STM) ஊசியைச் சுழலின் நடுவே கொண்டுபோனபோது, அளவீட்டு வரைபடத்தில் சரியாகச் சுழிய ஆற்றலில் ஒரு முகடு எழுந்தது. மயோரானாவுக்கு எதிர்பார்க்கும் அடையாளம் அதுதான்.

சரி, அதே முகடு 4.2 கெல்வினில் ஏன் மங்கிவிடுகிறது? மீகடத்தியாகும் வெப்பநிலை மட்டும் போதாது. சுழலுக்குள் அடுத்த ஆற்றல் நிலை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும், அளவீட்டை வெப்பம் எவ்வளவு மழுக்குகிறது என்பதும்தான் கணக்கு. டெலூரியமும் செலினியமும் சீராகக் கலக்காததால் எல்லாச் சுழலிலும் முகடு கிடைப்பதுமில்லை. சுழல்களை இஷ்டப்படி நகர்த்துவதும் சிரமம். அந்த விஷயத்தில் கம்பிதான் மேல்.

முறுக்கி அடுக்கிய குப்ரேட் (தாமிர ஆக்சைடு மீகடத்தி) தாள்கள் 90 கெல்வின் பக்கம் ஆசை காட்டுகின்றன. கோட்பாடு அழகானது, மயோரானா இன்னும் கண்ணில் படவில்லை.

இரும்பை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. வெற்றிடமாக்கி மூடிய குவார்ட்ஸ் குழாய், 1000 டிகிரி தொடும் உலை, மெதுவாகக் குளிர்விக்கும் பொறுமை இருந்தால் படிகம் வளர்க்கலாம். அப்புறம் அதிகப்படி இரும்பை நீக்க மறுபடி சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அதை விட்டால் மீகடத்தலே கெட்டுவிடும். நம்மூர் ஆய்வகத்தில் தொடங்கக்கூடிய வேலை இது.