டிராகனிடம் எகிறும் மூன்றாம் லெவல் வீரன்: டி.எம். முன்னால் இருக்கும் வழிகள்

மூன்றாம் லெவலில் இருக்கும் ஒரு ஃபைட்டர், முழுதாக வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு நேரெதிரே போய் நின்று, "புதையலை வெச்சுட்டு ஓடிப்போ, இல்லேன்னா தலை இருக்காது" என்கிறான். ஆளுக்கொரு கேரக்டராக நடித்து டைஸ் உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம் நடத்துகிற எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கட்டம் வந்தே தீரும். டிராகனுக்குப் பதிலாக அரசவையில் ஒரு ராஜா இருக்கலாம், கோபுரத்தில் ஒரு பெரிய மந்திரவாதி இருக்கலாம். அந்த இடத்தில் டி.எம். (டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த டேபிளில் அடுத்த பல மாத ஆட்டம் அமையும். இதற்குச் சொல்லப்படும் வழிகள் நாலைந்து உண்டு. எல்லாவற்றையும் இந்த ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எண்கள். 2014-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் அடல்ட் ரெட் டிராகனுக்கு 256 ஹெச்.பி. (ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளிகள்), ஆர்மர் கிளாஸ் (வெட்டு படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 19. நம் ஃபைட்டருக்கு 28 ஹெச்.பி. என்று வைத்துக்கொள்வோம். வெட்டும்போது டைஸோடு கூட்டிக்கொள்ள +5 இருந்தால், டி20-ல் (இருபது முக டைஸில்) 14-க்குக் குறையாமல் விழ வேண்டும். டிராகன் ஒரு தடவை நெருப்பைக் கக்கினால் ஆறு முக டைஸ் பதினெட்டை உருட்ட வேண்டும்; சராசரி சேதம் 63. அதைச் சமாளிக்க டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் ஒதுங்கப் போடும் டி20) 21 வேண்டும். டெக்ஸ்டெரிட்டி +1 உள்ளவன் சரியாக 20 போட்டால்தான் தேறுவான். தேறினாலும் பாதிச் சேதமே 31, ஆள் கீழே விழுந்துவிடுவான். தேறாவிட்டால் 63-ல் 28 போக மிச்சம் 35. அந்த மிச்சம் அவனுடைய முழு ஹெச்.பி.யையும் தாண்டிவிடுவதால், டெத் சேவ் (சாகக் கிடப்பவன் பிழைக்கப் போடும் டைஸ்) போடும் வாய்ப்பே இல்லாமல் அங்கேயே சாவு. நெருப்பு 60 அடி நீளக் கூம்பாகப் பாயும் என்பதால் பின்னால் நிற்கும் மூன்று நண்பர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

இதெல்லாம் டி.எம்.முக்குத் தெரியும். பிளேயருக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது என்பதுதான் என் எண்ணம். போன மாதம் அவர் ஒரு சிவப்பு டிராகன் குட்டியை அடித்து வீழ்த்தியிருப்பார். அதற்கு 75 ஹெச்.பி. இன்று எதிரே இருப்பதும் அவர் காதில் "சிவப்பு டிராகன்" என்றுதான் விழுகிறது. தவிர, ஆட்டமே அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. 1981-ல் வந்த பேசிக் விதிகளில் எக்ஸ்.பி.யில் (லெவல் ஏறத் தேவைப்படும் அனுபவப் புள்ளிகளில்) பெரும்பங்கு புதையலிலிருந்துதான் வந்தது. எதிரில் வரும் ஜந்து எந்த மனநிலையில் இருக்கிறது என்பதை இரண்டு டைஸ் போட்டுப் பார்த்தார்கள். அது பேசவும் செய்யும், விலகியும் போகும். சண்டையே போடாமல் தங்கத்தோடு ஓடிவந்தால் அதுதான் வெற்றி. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்ததும் எதிரியை லெவலுக்கு ஏற்ப அளந்து வைக்கும் முறை வேரூன்றியது. ஐந்தாம் பதிப்பின் கணக்குப்படி, மூன்றாம் லெவல் ஆட்கள் நாலு பேருக்கு "டெட்லி" (உயிருக்கே ஆபத்தான சண்டை) என்ற எல்லையே 1600 எக்ஸ்.பி.யில் தொடங்கிவிடுகிறது. அடல்ட் ரெட் டிராகனின் மதிப்பு 18,000. ஆனால் வாராவாரம் அளந்து வைத்த சண்டைகளையே பார்த்தவர், "முன்னால் வைத்திருக்கிறார் என்றால் ஜெயிக்க முடியும்" என்றுதான் நினைப்பார். நாம் தலைக்கனம் என்று சொல்வதில் பாதி, நாமே ஊட்டி வளர்த்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், "டைஸ் என்ன சொல்கிறதோ அதுதான்" என்ற முதல் வழியின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். உலகத்துக்கு எடை இருக்க வேண்டும், டிராகன் டிராகனாக நடக்க வேண்டும் என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் ஆபத்தின் அளவைச் சொல்லாமல் வைத்திருந்துவிட்டுக் கொன்றால், அதிலிருந்து பிளேயர் எச்சரிக்கையைக் கற்றுக்கொள்வதில்லை, சந்தேகத்தைத்தான் கற்றுக்கொள்கிறார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். ஒவ்வொரு கதவுக்கும் பத்து நிமிஷம் ஆகும். 1981-ல் தொடங்கிய கால் ஆஃப் கத்துலு ஆட்டத்தில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக எழுவதில்லை. அங்கே உட்காரும்போதே, தன் கேரக்டர் சாகலாம், பைத்தியமாகலாம் என்று எல்லோருக்கும் தெரியும்; பேச்சு முதலிலேயே முடிந்துவிட்டது. வீரசாகசம் என்று அழைத்துவந்த டேபிளில் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

இதற்கு நேர் எதிர்வழி காப்பாற்றிவிடுவது. டி.எம். தன் முன்னால் வைத்திருக்கும் திரைக்குப் பின்னால் டைஸை மாற்றிச் சொல்வது, அந்த வழியாக வந்த மந்திரவாதி குறுக்கே பாய்வது, டிராகனுக்குத் திடீரென்று தூக்கம் வருவது. எனக்கு இது அறவே பிடிக்காது. பிளேயர்களுக்கு இது புரியாமல் போகாது. புரிந்தபின், ஆறு மாதம் கழித்து அவர்கள் நிஜமாகவே ஜெயிக்கும் சண்டையையும் நம்ப மாட்டார்கள். மோதிப் பார்க்கும் பழக்கமும் இன்னும் வளரும்.

மூன்றாவது, தோற்கடித்து உயிரோடு விடுவது. இது மிக நல்ல வழி, ஒரு நிபந்தனையோடு: அந்தப் பலசாலிக்கு வேண்டியது ஏதாவது இருக்க வேண்டும். 2016-ல் வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் என்ற சாகசப் புத்தகத்தில் வரும் ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட் இதற்கு அருமையான உதாரணம். 144 ஹெச்.பி., ஒவ்வொரு டர்னிலும் 20 திரும்ப வந்துவிடும். தொடக்கத்திலேயே வந்து அத்தனை பேரையும் தீர்த்துவிட அவனால் முடியும். ஆனால் அவனுக்கு வேண்டியது அதுவல்ல. வந்தவர்களைச் சீண்டி, சோதித்து, கோட்டைக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, யார் எப்படிப்பட்டவர் என்று பார்க்க நினைக்கிறான். அதனால் அவனிடம் தோற்று உயிரோடு திரும்புவது ஒட்டவைத்ததுபோல் இருக்காது, அவன் குணத்திலிருந்தே வருகிறது. நம் டிராகனுக்கும் ஓர் ஆசையைக் கொடுக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிரி டிராகனின் குகைக்குள் போய்ப் பார்த்துவர அதற்குச் சின்ன உருவத்தில் ஆள் வேண்டும். ஃபைட்டரை வாலால் அடித்து வீழ்த்துகிறது. கைகலப்பில் ஒருவரை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் கொல்லாமல் மயக்கமடையச் செய்யலாம் என்று ஐந்தாம் பதிப்பின் விதியே சொல்வதால், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவன் கண் விழிக்கும்போது, அப்பா கொடுத்த வாள் புதையல் குவியலின் உச்சியில் இருக்கிறது. இனி வேலையை முடித்தால்தான் வாள்.

ராஜாவிடம் எகிறினால் இது இன்னும் எளிது, வாளே உருவ வேண்டாம். அவையில் ராஜா சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார். மறுநாள் சத்திரத்தில் இடம் இல்லை என்பார்கள். வேலை கொடுத்த வணிகர் இவர்களைத் தெரியாது என்பார். வடக்கு வாசல் காவலன் முன்பு வாங்காத வரியைக் கேட்பான். ஆட்டக்காரர்கள் இதை ஒரு சண்டைத் தோல்வியைவிட நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று. பிடிபடுவதையும் பொருளை இழப்பதையும் சாவைவிடப் பெரிய அவமானமாக நினைக்கும் பிளேயர்கள் உண்டு. அவர்களிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் இதே நடந்தால், அது வேறு வேஷம் போட்ட காப்பாற்றல்தான்.

நான்காவது வழிக்கே என் ஓட்டு: டைஸ் உருளும் முன் நிலவரத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. எந்தச் செயலுக்கும் டைஸ் போடும் முன்பே, இது எவ்வளவு ஆபத்தான நிலை, ஜெயித்தால் எவ்வளவு பலன் என்று இரண்டையும் ஆட்டத்தை நடத்துபவர் சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு பிளேயர் மனம் மாறலாம். டிராகன் குகையில் இதை இப்படிச் செய்யலாம்:

"ஒரு நிமிஷம். நீ பத்து வருஷம் சண்டை பார்த்தவன், உன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு சொல்றேன். சுவர்ல பாறை உருகி வழிஞ்சு உறைஞ்சிருக்கு. தரையில மூணு இரும்புக் கவசம் கிடக்கு, மூணும் உன்னோடதைவிட நல்ல கவசம், உள்ளே ஆளோட சேர்ந்து கருகியிருக்கு. இது ஒரு தடவை நெருப்பைக் கக்கினா நீ நிக்க மாட்டே, அனேகமா அங்கேயே செத்துடுவே. பின்னாடி இருக்கற மூணு பேரும் அதோட எல்லைக்குள்ளதான் இருக்காங்க. இப்ப சொல்லு, என்ன செய்யறே?"

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவிடுவார்கள். "அப்பவும் விடமாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், டைஸை எல்லோர் கண்ணெதிரே உருட்டுங்கள். இப்போது அந்தச் சாவு அவர் தெரிந்தே எடுத்த முடிவு. அதில் ஒரு வீரமும் இருக்கிறது. இப்படிச் சொல்வதால் கதையின் மர்மம் கெடுகிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேரக்டர் அந்தக் குகைக்குள் நிற்கிறான், சூட்டை உணர்கிறான். பிளேயரிடம் இருப்பது டி.எம். சொன்ன சொற்கள் மட்டும்தான். பல டேபிள்களில் புருவத்தை உயர்த்தி "நிஜமாவே செய்யப்போறியா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. ஏதோ வில்லங்கம் என்று தெரியுமே தவிர, என்ன ஆகும், யாருக்கெல்லாம் ஆகும் என்று தெரியாது. சிலருக்கு அந்தக் கேள்வியே தூண்டுதலாகிவிடும்.

சொன்னால் மட்டும் போதாது, திரும்பிப்போக வழியும் வேண்டும். ஐந்தாம் பதிப்பில் மனிதன் 30 அடி நடப்பான், முழு மூச்சாக ஓடினால் 60. டிராகன் 80 அடி பறக்கும். இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை முதலில் என்று முடிவுசெய்யும் டைஸ்) போட்டபின் தப்பிப்பது கணக்கிலேயே இல்லை. அதனால் கடைசி ஆள் வரை நின்று சாகிறார்கள், நாம் அதையும் திமிர் என்று எழுதிவைக்கிறோம். 2013-ல் வந்த தர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டம் இதை அழகாகத் தீர்த்தது. ஒருவர் பின்வாங்கலாம் என்று சொல்லி எல்லோரும் ஒத்துக்கொண்டால், விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு தப்பிவிடலாம். பதிலுக்குக் கதையில் ஒரு பெரிய இழப்பு நேரும். அதே ஆண்டில் வந்த ஃபேட் கோர் என்ற ஆட்டத்தில் தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், எப்படி வெளியேறுவது என்பதில் பிளேயருக்கும் பேச்சுரிமை உண்டு, ஒரு ஃபேட் பாயின்டும் (பின்னால் தனக்குச் சாதகமாகச் செலவழிக்கும் புள்ளி) கிடைக்கும். இரண்டையும் எந்த ஆட்டத்துக்கும் இரவல் வாங்கலாம்.

விதிக்குள்ளேயே இன்னொரு வழியும் இருக்கிறது. டிராகன் முதல் நெருப்பை அவர்கள் தலைக்கு மேலே பாறையில் அடிக்கட்டும். 63 புள்ளிச் சேதத்தை உரக்க எண்ணிக் காட்டுங்கள். அந்த நெருப்பு திரும்ப வர ஆறு முக டைஸில் 5 அல்லது 6 விழ வேண்டும். ஒவ்வொரு டர்னிலும் அந்த டைஸை டேபிள் நடுவில் போடுங்கள். மூன்றில் ஒரு வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நீளமான எச்சரிக்கையும் இந்த அளவுக்கு வேலை செய்யாது.

எதைச் சொன்னாலும் கேட்காமல், ராஜா, டிராகன், கடைக்காரர் என்று எல்லோரிடமும் எகிறுகிற ஆளுக்கு இந்த வழிகள் எதுவும் மருந்தாகாது. அவருக்கு ஆட்டத்தில் வேறு ஏதோ கிடைக்கவில்லை. செஷன் முடிந்தபின் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது. டிராகனை வைத்துப் பாடம் நடத்துவது பலிக்காது.

கடைசியாக, பலரும் கேட்க மறக்கும் ஒரு கேள்வி. சவால் விடுவது ஒருவர், கூம்புக்குள் நிற்பது நாலு பேர். அவர் வாய் திறந்ததும் டைஸை எடுக்காமல் மற்ற மூவரிடமும் திரும்பி, "நீங்க மூணு பேரும் என்ன செய்யறீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் பாறைக்குப் பின்னால் போவார், ஒருவர் ஃபைட்டரின் கையைப் பிடித்து இழுப்பார், இன்னொருவர் டிராகன் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார். அந்த மன்னிப்பை டிராகன் ஏற்குமா, அதற்கு ஈடாக என்ன கேட்கும் என்பதை அங்கிருந்து ஆடிப் பார்க்கலாம்.