10 காசு செம்பு நாணயம்: தேய்ந்த 1803 நல்லதா, கடலில் எடுத்த 1808 நல்லதா?

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்த 10 காசு நாணயம் ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், விற்பனைக்கு வருவதில் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று 1803 ஆண்டு போட்டது, இங்கே சந்தையிலும் கடைத்தெருவிலும் கைமாறித் தேய்ந்து பழுப்பேறியது. இன்னொன்று 1808 போட்டது, அதில் நிறையக் காசுகள் சென்னையையே பார்க்காதவை. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்டினர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கிவிட்டது. பீப்பாய் பீப்பாயாகக் கிடந்த காசுகளை 1980-களில்தான் முக்குளித்து மேலே கொண்டுவந்தார்கள்.

நான் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு 1803-ஐத்தான் வாங்கினேன். கிரேடு, அதாவது நாணயத்தின் தரநிலை, என்று எடுத்துக்கொண்டால் அது கீழே. இருந்தாலும் அதுதான் சரி என்று ஏன் நினைக்கிறேன் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பொதுவானதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இரண்டும் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தவை. ஒரு பக்கம் இரு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எழுத்தில் மதிப்பு. எடை 4.6 கிராமுக்குச் சற்று மேல், விட்டம் சுமார் 26 மில்லிமீட்டர். கப்பல் கதை சுவையானது என்பதில் சந்தேகமே இல்லை, கதைக்காகவே வாங்குகிறவர்கள் 1808-ஐ வாங்கட்டும். ஆனால் அந்தக் கப்பலிலிருந்து லட்சக்கணக்கில் காசு வெளியே வந்திருக்கிறது, அதனால் அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது கிரேடு. வெள்ளியோ செம்போ, நாணயத்தின் தரத்தைப் பார்க்கும்போது முதலில் உயரமான இடங்களைத்தான் பார்ப்போம், தேய்மானம் அங்கேதான் தொடங்கும். இந்தக் காசில் அவை சிங்கங்களின் முகமும் பிடரியும், கேடயத்தின் நடுப்பகுதி, உச்சியில் நிற்கும் சின்னச் சிங்கம். சோஹோ ஆலையின் அச்சு சீரானது, ஆகவே சிங்கத்தின் முகம் மழுங்கியிருந்தால் "அச்சு சரியாக விழவில்லை" என்ற சமாதானம் பெரும்பாலும் செல்லாது. அது தேய்மானம்தான்.

என் 1803 காசில் இடப்பக்கச் சிங்கத்தின் பிடரியில் ஒரு முடிக்கோடுகூட இல்லை, முகம் வெறும் மேடு. ஆனால் அது பிடித்திருக்கும் கொடியில் சிலுவை தெரிகிறது, கேடயத்தின் கட்டங்கள் பிரிந்து நிற்கின்றன, ஆண்டின் நாலு எண்ணும் அழுத்தம். பாரசீக எழுத்துகளின் மூலைமுடுக்கில் பழுப்பு இன்னும் அடர்த்தியாகத் தங்கியிருக்கிறது, மேடான இடங்களில் ஒரு சுற்று வெளிறியிருக்கிறது. விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் உண்டு. தாராளமாகக் கணக்கிட்டால் வி.எஃப். (வெரி ஃபைன், மிதமாகத் தேய்ந்த தரம்), கறாராகப் பார்த்தால் அதற்கு அடுத்த கீழ்ப்படியான ஃபைனுக்குக் கொஞ்சம் மேலே. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று ஓடிய காலத்தில் 10 காசு என்பது அன்றாடச் சில்லறை, அது இந்த நிலையில் பிழைத்திருப்பதே பெரிய விஷயம்.

1808 காசு வேறு மாதிரி. பிடரி முடி எண்ணக்கூடிய அளவுக்கு இருந்தது, உச்சிச் சிங்கத்தின் கால்கூடத் தனியாகத் தெரிந்தது. யாரும் செலவு செய்யாத காசு, தேய எங்கே வாய்ப்பு? அச்சில் தெரியும் விவரத்தை மட்டும் வைத்துக் கிரேடு போட்டால் எக்ஸ்.எஃப். (லேசாக மட்டும் தேய்ந்தது) என்றோ ஏ.யூ. (ஏறக்குறையப் புழங்காதது) என்றோ விற்பவர் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் செம்பில் விவரம் பாதிக் கதைதான், மீதிப் பாதி மேற்பரப்பு. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 1 முதல் 70 வரையான அளவுகோலே 1949-ல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய செம்புக் காசுகளுக்காக உருவாக்கியதுதான். செம்பு சேகரிப்பவர்கள் அன்றிலிருந்தே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறார்கள்: விவரம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தோல் கெட்டிருந்தால் அதற்கேற்ப மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். அந்த 1808 காசை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடங்கள் முழுக்க ஊசி குத்தினாற்போல் நுண்குழிகள். தேய்மானம் மேட்டைத்தான் தொடும், பள்ளத்தை விட்டுவிடும். அரிப்புக்கு அந்தப் பாகுபாடே கிடையாது, எழுத்துக்கு நடுவிலும் சிங்கத்தின் கால் இடுக்கிலும் அது இருக்கும். நிறமும் ஒரே மாதிரியான இளஞ்சிவப்பு. புளி போட்டுத் தேய்த்த குடத்தில் வருமே, அந்த நிறம். இருநூறு வருடச் செம்பில் அது தானாக வராது, மேலே இருந்த படிவை நீக்கச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கடலடியில் கிடந்த காசுக்கு அதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன, எனக்குப் பிடிக்கிறதே என்று ஒருவர் சொல்லலாம், நியாயம்தான். ஆனால் என்னைத் தடுத்தது அழகு இல்லை, பராமரிப்பு.

கடல்நீர் என்றால் உப்பு, உப்பு என்றால் குளோரைடு. அது செம்பின் நுண்குழிகளுக்குள் குப்ரஸ் குளோரைடாகப் பதுங்கிவிடும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் வெளிர்பச்சைப் பொடியாக மாறி வெளியே வரும், அப்படி மாறும்போது கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று புதிய குளோரைடை உண்டாக்கும், அது மறுபடி ஈரத்தைப் பிடிக்கும். சேகரிப்பாளர்கள் வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான், வெறும் செம்பிலும் இது வரும். இதை நிறுத்த ஒன்று குளோரைடை முழுக்க வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சென்னையில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவதே அபூர்வம். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ வீடு என்றால் கேட்கவே வேண்டாம். லண்டனில் சூடாக்கி வைத்த அறைக்குள் இழுப்பறையில் பத்து வருடம் சும்மா கிடந்த காசு, இங்கே வந்து ஒரு ஐப்பசி மழையில் பூத்துவிடலாம்.

இதற்காகக் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஜெல் நிறம் மாறியதா என்று பார்த்து மாற்றுவது, மாதாமாதம் லென்ஸ் வைத்துச் சோதிப்பது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். கடலில் கிடக்காத நிலத்துக் காசுக்கும் பராமரிப்பு வேண்டும்தான், ஆனால் அது மிகச் சின்ன வேலை. விளிம்பைப் பிடித்துத் தூக்குவது, பி.வி.சி. உறையில் போடாமல் மைலார் என்ற பாலியஸ்டர் உறையில் போடுவது, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். என் 1803 இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, நிறத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பச்சையைக் கண்டாலே பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டியாக, வழவழப்பாக, அடர்பச்சையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் நிலைத்துப்போன களிம்பு. மரப் பல்குச்சியால் மெல்லத் தொட்டால் மாவாக உதிர்ந்து, கீழே குழி தெரிந்தால் அதுதான் நோய். நிலத்துக் காசிலும் இது இருக்கலாம், உப்பு மண்ணில் புதைந்திருந்தால். அதனால் 1803 என்ற ஆண்டைப் பார்த்ததுமே நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

கிரேடு போடும் நிபுணர் நிறுவனத்துக்கு அனுப்பி, மூடி ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் அடைத்து வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமே என்று கேட்பார்கள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள், அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் கிரேடு வாங்கிவரலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். கப்பல் காசுகள் சில வெளிநாட்டில் கிரேடு ஆகி உறையோடு வருகின்றன. அப்படி வந்தாலும் உறையில் கிரேடு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடலால் கெட்ட காசுகளுக்கு அமெரிக்கக் கிரேடு நிறுவனமான என்.ஜி.சி. எண் தராமல், கப்பல் சேதம் என்ற குறிப்பு மட்டும் போட்டுவிடுவதுண்டு. உறைக்குள் இருக்கும் காசு இங்கே எத்தனை காலம் தாங்கும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் போதாது, நான் பார்த்தவை சில மட்டுமே. உறை காற்றை முழுக்கத் தடுப்பதில்லை என்பதால் நான் அதை நம்பி இருக்க மாட்டேன்.

திரும்ப விற்பதிலும் இதே வித்தியாசம்தான். உறை இல்லாத காசை இங்கே கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பழுப்பு மாறாத தேய்ந்த காசைப் பார்த்தால் வாங்குபவர் விலை பேசுவார். இளஞ்சிவப்புக் காசைப் பார்த்தால் முதலில் "எதைப் போட்டுக் கழுவினீங்க?" என்றுதான் கேட்பார், அப்புறம் என்ன பேசினாலும் பேரம் கீழ்நோக்கித்தான் போகும்.

1808-ஐ அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். பீப்பாயின் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்த காசுகளைக் கடல்நீர் அவ்வளவாகத் தொடவில்லை, அவற்றில் சில வழவழப்பான சாக்லேட் பழுப்போடு இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் நானே வாங்குவேன். கேட்க வேண்டியது மூன்று: சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம், விளிம்பின் படம், எடை. தேய்மானம் எடையை அதிகம் குறைக்காது, அரிப்பும் அமிலக் கழுவலும் குறைக்கும். பிடரி முடி தெளிவாகத் தெரிகிற காசு, தராசில் மட்டும் 4 கிராமுக்குக் கீழே நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.