டெக்சாஸில் சமூகப் பணி உரிமம்: இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள்

சென்னையில் சமூகப் பணி முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஆறு ஆண்டுகள் மனநலப் பிரிவில் பணியாற்றிய பின், 2022-இல் கணவருடன் டாலஸ் வந்து சேர்ந்தேன். உரிமம் பெறாதவர் தம்மைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே டெக்சாஸ் சட்டம் இடம் தருவதில்லை என்பதை வந்த பிறகுதான் அறிந்தேன். முதுகலைப் பட்டதாரிகளுக்கான எல்.எம்.எஸ்.டபிள்யூ. உரிமத்தை வாங்கித் தருவதாகச் சொன்ன ஆலோசகர் ஒருவரிடம் 1,400 டாலர் கொடுத்தேன். அவரும் தமிழர் என்பதால் வேறு எவரிடமும் விசாரிக்கவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து அவர் பெற்றுத் தந்தது, பொதுவான கல்வி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை. என் பட்டம் அமெரிக்க முதுகலைப் பட்டத்துக்கு இணையானது என்று அதில் எழுதியிருந்தது. ஆனால், வெளிநாட்டில் பெற்ற பட்டம் இங்கே அங்கீகரிக்கப்பட்ட சமூகப் பணிப் பட்டத்துக்கு இணையானதா என்பதைச் சமூகப் பணிக் கல்வி மன்றமான சி.எஸ்.டபிள்யூ.இ. மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதே உரிம வாரியத்தின் விதி. மற்ற வேலைகளுக்குப் பயன்படும் பொது அறிக்கை இதற்குச் செல்லாது. என் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. இங்குள்ள சமூகப் பணி முதுகலை மாணவர்கள் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்திருக்க வேண்டும். நம் கல்லூரிகளிலும் வாரத்தில் இரண்டு நாள் களப்பணியும், இறுதியில் பிளாக் பிளேஸ்மென்ட் எனப்படும் தொடர் முழுநேரக் களப்பயிற்சியும் உண்டு என்றாலும், என் மதிப்பெண் பட்டியலில் களப்பணி என்ற ஒரே வரியும் அதற்கான மதிப்பெண்ணும் மட்டுமே இருந்தன. எத்தனை மணி நேரம் என்ற கணக்கு எங்கும் இல்லை. அந்தக் கணக்கைக் கல்லூரித் துறைத்தலைவரிடம் கடிதமாகப் பெறச் சொல்லியிருக்க வேண்டிய அந்த ஆலோசகர், தாமே கடிதம் தயாரித்து முத்திரைக்கும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். போலிச் சான்று பிடிபட்டால் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வழியே எனக்கு அடைபட்டிருக்கும். அன்றே அவரிடமிருந்து விலகினேன்.

உரிமம் பெற எழுத வேண்டிய ஏ.எஸ்.டபிள்யூ.பி. தேர்வுக்குப் பதிவு செய்து தர அவர் 500 டாலர் கேட்டிருந்தார். அப்போது முதுகலை நிலைத் தேர்வின் கட்டணம் 230 டாலர்தான். வாரியம் ஒப்புதல் தந்த பிறகு தேர்வரே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். 'அசல் வினாக்கள்' என்று ஒரு தொகுப்பையும் அவர் விற்கிறார். வினாக்களை எவரிடமும் பகிர்வதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே தேர்வு எழுத விடுகிறார்கள் என்பதால், அதை வாங்குபவரின் தேர்வு முடிவே ரத்தாகக்கூடும்.

பிறகு எல்லாவற்றையும் நானே செய்தேன். பல்கலைக்கழகச் சான்றுகளுக்காக என் தங்கை மூன்று முறை அலைந்தாள். என் பழைய பேராசிரியர் களப்பணிப் பதிவேட்டைத் தேடி எடுத்து மணிக்கணக்குடன் கடிதம் தந்தார். 170 வினாக்களுக்கு நான்கு மணி நேரம் தந்த அந்தத் தேர்வை 2023-இன் இறுதியில் எழுதித் தேறினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. அதே ஆலோசகர் சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருவரிடம் முன்பணம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.